கடவுளுக்கு ‘வூ’ போட்ட கதை

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் பாரிசில் ஒரு உணவகத்தின் குசினியில் கற்றது. முதலாளி என்னைப் பார்த்து ‘தூ’ என்பார். கூடப் பாத்திரம் கழுவியவர்களும் ‘தூ’ என்பார்கள். நம்மிடத்தில் அது துப்புகிற சத்தம். முதல் கிழமை ஏழு நாளும் எனக்குக் கோபம். பிறகுதான் அது ‘நீ’ என்கிற சொல் என்று தெரிந்தது. சரி, இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்களாக்கும் என்று நானும் பழகிக்கொண்டேன். ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’ என்று தனியாக ஒரு சொல் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சட்டி கழுவுகிறவளுக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் படிப்போடுதான் வதிவிட அட்டை புதுப்பிக்க அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம், வாய் நிறையச் சிரிப்போடு, “நீ என்ன பத்திரம் கேட்கிறாய்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பத்திரங்களைத் திருப்பித் தள்ளினார். ஒரு பத்திரம் குறைகிறதாம், இன்னொரு நாள் வரட்டாம். உண்மையிலேயே ஒன்று குறைந்திருக்கலாம். ஆனால் என் மகள் வீட்டில் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அம்மா! தெரியாத ஆக்களுக்கு வூ எண்டுதான் சொல்ல வேணும். நாய் பூனைக்குத்தான் தூ.”

அன்றிலிருந்து நான் நாய்க்கும் வூ தான் சொல்கிறேன். யார் வீட்டு நாயோ, ஏன் வம்பு? மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவில் டிக்கெட் இயந்திரம் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றால், அதையும் வூ போட்டுத்தான் திட்டுவேன்.

இந்த வூ பைத்தியம் என்னைக் கடவுள் வரை கொண்டுபோய் விட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு புதுச்சேரி மதாம் இருக்கிறார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சுவாமியார் லூர்து மாதா கோயிலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதால் தமிழ்ப் பூசை இல்லை. மதாமோடு பக்கத்துக் கோயிலுக்குப் பிரெஞ்சுப் பூசைக்குப் போனேன். பிரெஞ்சுப் பூசை எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை ஒரு நாளும் காதைக் கொடுத்துக் கேட்டதில்லை. எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்துவிட்டு வருவேன். அன்று ஏனோ கேட்டேன். பிதாவை நோக்கிய செபத்தில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்: உன் பெயர், உன் அரசு, உன் விருப்பம். எல்லாம் தூ!

நான் மதாமின் விலாவில் இடித்தேன்.

“மதாம், இதென்ன? கந்தோரிலை இருக்கிற ஆளுக்கு வூ, கடவுளுக்குத் தூவோ?”

“மெதுவா பேசுங்க. முன்னெல்லாம் வூன்னுதான் சொல்லுவோம். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப மாத்திட்டாங்க. நான் இன்னிக்கும் வாய்க்குள்ள வூன்னுதான் சொல்லிக்கறேன்.”

“அப்ப மாதாவுக்கு?”

“மாதாவுக்கு இப்பவும் வூதான்.”

அம்மாவுக்கு மரியாதை, அப்பாவுக்கு இல்லை. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் கோயிலில் அப்படி இருக்கலாமா? பூசை முடியும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலாம் வகுப்போடு நின்ற நான் திருச்சபையின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோசம். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது பக்தி இல்லை. கள்ளனைப் பிடித்தவளின் சந்தோசம்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்று தட்டியது. நாங்கள் மட்டும் என்ன திறம்? தமிழ்ச் செபத்தில் கடவுளுக்கு ‘நீர்’, ‘உமது’. புத்தகத் தமிழுக்கு அது பெரிய மரியாதையாக இருக்கலாம். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீர்’ என்பது நடுத்தரம். நீ என்றால் குறைவு, நீங்கள் என்றால் மரியாதை, நீர் இரண்டுக்கும் நடுவில் கால் வைத்துக்கொண்டு நிற்கும். வாத்தியார் பெரிய வகுப்புப் பிள்ளையைச் சொல்வார். புருசன் பெண்சாதியைச் சொல்வான். என் வீட்டுக்காரர் நாற்பது வருடமாக என்னை நீர் என்கிறார். நான் அவரை நீங்கள் என்கிறேன்.

அவர் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, என்னை நீர் எண்டு கூப்பிடேக்கை, என்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சோ கூப்பிடுறனியள்?”

“நீர் இப்ப என்னத்துக்கு அடி போடுறீர்?”

“சும்மா சொல்லுங்கோ.”

“பெரிய ஆளெண்டால் நான் ஏன் உம்மட்டைத் தேத்தண்ணி கேக்கப்போறன்?”

போதும். முடிவெடுத்துவிட்டேன். தேத்தண்ணி கேட்கிற ஆளைக் கூப்பிடுகிற சொல்லால் இனிமேல் நான் கடவுளைக் கூப்பிடமாட்டேன்.

புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் ஆறு ஏழு பெண்கள் கூடிச் செபமாலை சொல்வோம். வீடு என்னுடையது, வயதும் எனக்குத்தான் கூட, அதனால் முன்னுக்குச் சொல்வது நான். அந்தப் புதன் நான் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னேன். உமது என்று வந்த இடமெல்லாம் உங்களுடைய. தாரும் என்று வந்த இடமெல்லாம் தாருங்கோ. செபம் கல்லில் போன சைக்கிள் மாதிரிக் குலுங்கியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவது மணியில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அன்ரி, இதென்ன, கடவுளுக்கு மனுவோ எழுதுறியள்? கீழை கையெழுத்தும் வைக்க வேணுமோ?”

“சிரி, சிரி. ஆரோடை கதைக்கிறமெண்டு உங்களுக்கு விளங்கேல்லை. அவர் பரிசுத்தர். தூயவர்!”

“தூயவரிலையும் ஒரு தூ இருக்குத்தானே அன்ரி.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் என் பகிடிக்குச் சிரிக்கும், மற்றவர்களின் பகிடிக்கு நான் சிரிப்பது குறைவு. அடுத்த புதன் இன்னும் ஒரு படி ஏறினேன். நீங்கள் போதாது என்று ‘தாங்கள்’ போட்டேன். என் காதுக்கு அது மிகவும் நன்றாக இருந்தது. நான் ஒருத்திதான் கடவுளின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம். அவருக்கு வேறு ஆள் இல்லாதது போல.

வருகிறவர்களில் ஒரு பிள்ளை பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். பாரிசில் கந்தோர்கள் துப்பரவாக்குகிற வேலை. புதன்கிழமை வேலை முடிந்து, ரயில் ஏறுவதற்கு முதல் எங்களிடம் வருவாள். தாய் மன்னாரில் ஆசுப்பத்திரியில் கிடந்தார். இவள் அகதி அட்டையில் இருப்பவள். ஊருக்குப் போனால் அட்டை போய்விடும். போகாவிட்டால் அம்மா போய்விடுவார். அதை அவள் அழுது சொல்வதில்லை. சப்பாத்தைக் கழற்றும்போது, “அம்மா இண்டைக்குக் கஞ்சி குடிச்சவவாம்” என்று சொல்லிவிட்டு மூலையில் இருப்பாள்.

நான் தாங்கள் போட்ட அந்தப் புதன், செபமாலையில் ஒரு பத்து மணி சொல்ல அவளுடைய முறை வந்தது. தொடங்க முதல் அவரவர் மனதில் உள்ளதைச் சொல்லி மன்றாடுவது எங்கள் வழக்கம். அவள் கண்ணை மூடினாள். பிறகு ஒரேயடியாக வந்தது.

“கடவுளே, உனக்குக் கேக்குதோ இல்லையோ? அம்மா அங்கை மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறா. நீ என்னை இஞ்சை பூட்டி வைச்சிருக்கிறாய். உனக்கும் ஒரு அம்மா இருந்தவதானே? நீ சாகேக்கை அவ பக்கத்திலை நிண்டவதானே? என்னை ஏன் நிக்க விடுறாயில்லை?”

இதை இப்போது எழுதும்போதுதான் அவள் கேட்டது முழுவதும் எனக்குக் கேட்கிறது. அப்போது என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். நீ. நான் தாங்கள் என்று ஏறி நிற்கிறேன், இவள் நீ என்று என் வீட்டிலேயே இழுத்து விழுத்துகிறாள்.

“பிள்ளை, நிப்பாட்டு. பரிசுத்தமானவரோடை இப்பிடியே கதைக்கிறது? போய் வாயைக் கழுவிப்போட்டு வந்து சொல்லு.”

அவள் எழும்பினாள். குசினிப் பக்கம்தான் போகிறாள் என்று நினைத்தேன். கோட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு. மற்றப் பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச மணிகளைச் சொன்னார்கள். அடுத்த புதன் அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. மற்றவர்களிலும் இரண்டு பேர் குறைந்தார்கள். ஒருத்திக்கு முதுகு நோ, ஒருத்திக்கு விருந்தாளி.

“நீர் அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் எடுத்தால் என்ன?” என்றார் வீட்டுக்காரர்.

“நான் ஏன் எடுக்க வேணும்? நான் கடவுளுக்காகத்தானே கதைச்சனான்.”

“அவர் உம்மட்டைக் கேட்டவரோ?”

இந்த மனிசன் வாயைத் திறப்பது குறைவு. திறந்தால் இப்படித்தான்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம். லா சப்பல் தமிழ்க் கடைத் தெருவில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு கையில் லீக்ஸ் கட்டு, மற்றக் கையில் மீன். எங்கள் லிஃப்ட் மூன்று பேருக்கு என்று எழுதியிருக்கும். மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் தனியே ஏறினேன். மூன்றாம் மாடி தாண்டியதும் ஒரு குலுக்கு. நின்றுவிட்டது. வெளிச்சமும் போய்விட்டது. மணிப் பொத்தானை அமத்தினேன். ஒரு குரல் வந்து, மதாம், ஆள் அனுப்புகிறோம், பொறுத்திருங்கள் என்று வூ போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நான் செபம் சொல்லத் தொடங்கினேன். என் புதுச் செபம்தான்.

“ஆண்டவரே, தாங்கள் தயவுகூர்ந்து அடியாளை...”

அதற்குமேல் என்ன சொல்வதென்று வரவில்லை. பத்திரத்தில் எழுதுகிற மாதிரி இருந்தது. இருட்டில், மீன் மணத்தில், அந்தச் சொல் ஒரு சாண்கூட மேலே போகவில்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஒரு அடி தொம்மென்று கீழே இறங்கியது. என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

“ஐயோ கடவுளே, எங்கையடா போனாய்? ஓடி வாடா!”

கட்டடம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். கீழே ஒரு கதவு திறந்தது. புதுச்சேரி மதாமின் குரல்.

“மதாம்! யாரு கூட சண்டை போடறீங்க?”

“கடவுளோடை!”

செருப்புச் சத்தம் படியேறி வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தூ போட்டா, வூ போட்டா?”

மதாம் சிரித்துக்கொண்டே ஆளைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் இருட்டில் நின்றேன். லிஃப்ட் விழும் என்கிற பயம் போய்விட்டது. இன்னொரு பயம் வந்தது. பரிசுத்தமானவரை டா போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன நடக்கும்? ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றும் நடக்காமல் இருந்த இடம் வெறுமையாக இல்லை. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் பெரிய மலை ஒன்று இருந்தால் இருட்டிலும் அது நிற்பது தெரியுமே, அப்படி. நான் எவ்வளவு சின்ன ஆள் என்று தெரிந்தது. கேவலமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அவ்வளவு பெரியவருக்கு என்னுடைய தாங்களைப் போட்டு என்ன உயரம் கூடப்போகிறது? என்னுடைய டாவைப் போட்டு என்ன உயரம் குறையப்போகிறது?

ஊரில் கோயிலுக்குள் செருப்போடு போகமாட்டோம். இங்கே குளிருக்குச் சப்பாத்தோடுதான் போகிறோம். நான் லீக்ஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சப்பாத்தையும் கழற்றினேன்.

அப்படி நிற்கும்போதுதான் செவ்ரான் பிள்ளையின் குரல் திரும்பக் கேட்டது. நீ என்னை ஏன் நிக்க விடுறாயில்லை? நான் இப்போது கத்தியதும் அவள் அன்று கத்தியதும் ஒன்றுதான். அவளுடையது என்னுடையதைவிட மரியாதையானது, அதில் டா இல்லை. அவள் அந்தச் செபத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒரு பத்திரம் குறைகிறது, போய்விட்டு வா என்று திருப்பித் தள்ளிவிட்டேன். உள்ளே இருந்தவருக்குக் காட்டவேயில்லை.

லிஃப்ட்காரன் வந்து கதவைத் திறக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. வெறுங்காலோடு ஒரு கிழவி, காலடியில் லீக்ஸ், கன்னத்தில் கண்ணீர். அவன் பயந்துவிட்டான். நலமா மதாம் என்று மூன்று தரம் கேட்டான்.

அடுத்த நாள் செவ்ரானுக்குப் புறப்பட்டேன். வீட்டுக்காரர் தொப்பியை எடுத்தார்.

“நானும் வாறன்.”

“வேண்டாம். நீங்கள் வந்தால் அவள் உங்கடை முகத்துக்காக மன்னிச்சுப்போடுவாள்.”

ரயிலில் என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தாள்.

“வாங்கோ அன்ரி. தேத்தண்ணி போடட்டே?”

“வேண்டாம் பிள்ளை. இரு. அண்டைக்கு நான் சொன்னது பிழை.”

“இல்லை அன்ரி. நான் கதைச்சதுதான் பிழை. வீட்டை வந்து நான் வாயைக் கழுவினனான்.”

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

“அதுக்குப் பிறகு செபம் வருகுதில்லை அன்ரி. வாயைத் திறந்தால், எந்தச் சொல்லிலை தொடங்கிறதெண்டு பயமாக்கிடக்கு. அம்மா போனிலை, எனக்காகச் செபம் சொல்லு மகள் எண்டுறா. ஓம் அம்மா எண்டு பொய் சொல்லுறன்.”

தாய் மூச்சுக்கு இழுக்கிறார். பிள்ளையால் போக முடியாது. அவளிடம் இருந்தது அந்த ஒரு வழிதான், அதையும் நான் அடைத்துவிட்டேன். அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு லிஃப்ட் கதையைச் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. தாங்கள் என்று தொடங்கியதையும், குலுக்கலுக்குப் பிறகு வந்ததையும் சொன்னேன்.

அவள் கண் விரிந்தது.

“கடவுளையோ? வாடா எண்டோ?”

“ஓமடி. மதாம் சாட்சி.”

“பிறகு?”

“பிறகென்ன, அவர் ஒண்டும் கோவிக்கேல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிண்டனான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை,” என்றேன். ரயிலில் பாடமாக்கியதில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

“ஐயோ அன்ரி, எனக்கு ங்கோ போடாதேங்கோ. ஆரோ கந்தோர் ஆள் வந்த மாதிரிக் கிடக்கு.”

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. மன்னாரிலிருந்து தங்கச்சி வீடியோவில் எடுக்கிறாள். படத்தில் ஆசுப்பத்திரிக் கட்டில், ஒரு சின்ன முகம், மூக்கில் குழாய். தாய்க்குப் பார்வை மங்கல், ஆனால் பக்கத்தில் யாரோ இருப்பது தெரிந்துவிட்டது.

“ஆர் பிள்ளை பக்கத்திலை?”

அவள் என்னைப் பார்த்தாள். என்னைத் துரத்திவிட்ட மனிசி என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது.

“எங்களோடை செபம் சொல்லுற அன்ரி அம்மா. என்னைப் பாக்க வந்தவ.”

“அப்ப ரெண்டு பேருமாச் சொல்லுங்கோவன். நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்.”

அவள் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். நான் தொடங்குவேன் என்று என் வாயைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் நான்தானே தொடங்குகிறவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீ தொடங்கு.”

“கடவுளே...” என்றாள். நின்றுவிட்டாள். அடுத்த சொல் அவளுடைய தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தால் அது உள்ளேயே போய்விடும். அதனால் குனிந்தபடியே சொன்னேன்.

“ஓம். சொல்லு.”

“கடவுளே, நீ இஞ்சை இருக்கிறாய்தானே? அங்கையும் இரு. நான் நிக்க வேண்டிய இடத்திலை நில்லு.”

நான் ஆமென் என்றேன். மன்னாரிலிருந்து ஆமென் வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி அதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.